அப்பாவுக்குப் புரியாத ஆண்டறிக்கை

அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டின அப்பாவுக்கு வருஷா வருஷம் தபால்ல ஒரு ஆண்டறிக்கை வரும். ஏதோ ஒரு கம்பெனியில நூறு ஷேர் வச்சிருந்தார். "இங்கிலீஷ் நமக்குப் பத்தலைடா"ன்னு பரண்ல போட்டுடுவார். கம்பெனி மூழ்கினப்புறமும் குத்தம் தன் படிப்புலதான்னு நினைச்சார்.

நிஜத்துல யார் குத்தம்? 1948-ல ருடால்ஃப் ஃபிளெஷ் ஒரு சூத்திரம் கொடுத்தார். வாக்கியம் எவ்ளோ நீளம், வார்த்தைக்கு எத்தனை அசை, இது ரெண்டையும் வச்சு மார்க். 1950-லேயே பஷாலியனும் கிரிஸியும் அமெரிக்க ஆண்டறிக்கைகளை அதால அளந்தாங்க. சாதாரண ஆளுக்குக் கஷ்டம்னு வந்துது! 1952-ல ராபர்ட் கன்னிங்கோட 'ஃபாக்' குறியீடு, அதாவது மூடுபனி. 2008-ல ஃபெங் லீ அதை வச்சுப் பார்த்தா, லாபம் குறைஞ்ச கம்பெனிகளோட அறிக்கைதான் படிக்கக் கஷ்டமா இருந்துதாம் :-)

இந்த அளவுகோல் தமிழுக்கு அப்படியே ஒத்துவராதுங்க. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' ஒரே வார்த்தை, பத்து அசை, ஆனா சின்னப் பசங்களுக்கும் புரியும். நமக்குன்னு தனியா ஒண்ணு வேணும்.

போன வாரம் பரணை ஒழிச்சப்ப அந்த அறிக்கை கிடைச்சுது. முதல் பாராவை எண்ணினேன். ஒரே வாக்கியம், 61 வார்த்தை. அப்பா இப்ப இல்ல. இருந்திருந்தா சொல்லியிருப்பேன், குத்தம் உங்க படிப்புல இல்லப்பான்னு.