கொள்ளேகால்: பெங்களூரு, சேலம், கோவையிலிருந்து எப்படிப் போவது? திரும்புவதில் என்ன சிக்கல்?

கொள்ளேகால் என்றதும் நம்மூரில் பாதிப் பேர் "மாந்திரீகமா?" என்று கேட்பார்கள். மீதிப் பேருக்குப் பட்டுப்புடவை நினைவுக்கு வரும். ஆனால் பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்த ஊர் இப்போது ஒரு வீக்எண்ட் வாசல். சிவசமுத்திரம் அருவி, மாதேஸ்வரன் மலை, பிலிகிரிரங்கன் மலை மூன்றுக்கும் இங்கிருந்தே போகலாம். போய்ச் சேருவது சுலபம். ஊருக்குள் வந்த பிறகு சுற்றுவதும், இருட்டுவதற்குள் திரும்புவதும்தான் கணக்குப் போட வேண்டிய விஷயம்.

ரயில் இருக்கிறதா?

இல்லை. பெங்களூரு - சத்தியமங்கலம் ரயில் பாதைத் திட்டம் 1990களிலேயே பேசப்பட்டது. நடுவில் இருப்பது யானைக் காடு என்பதால் தமிழ்நாட்டுப் பக்கம் அது நகரவே இல்லை. பக்கத்து ரயில் நிலையம் சாம்ராஜ்நகர், சுமார் 40 கி.மீ. சென்னையிலிருந்து வருபவர்கள் மைசூரு வரை ரயிலில் வந்து, அங்கிருந்து டி.நரசிபுரா வழியாக சுமார் 60 கி.மீ. பஸ்ஸில் வரலாம். மத்தூரில் நிற்கும் ரயிலாக இருந்தால் அங்கேயே இறங்கி மளவள்ளி வழியாகவும் வரலாம்.

பெங்களூருவிலிருந்து?

மைசூரு ரோடு சாட்டிலைட் பஸ் நிலையத்தில் கர்நாடக அரசு பஸ் கிடைக்கும். கனகபுரா, மளவள்ளி வழியாக சுமார் 130 கி.மீ., நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை முக்கியம். கண்டக்டர் மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தால், இறங்கும் முன் மறக்காமல் கேட்டு வாங்குங்க.

பெண்களுக்கு ஒரு தகவல். 2023 ஜூன் 11 முதல் நடப்பில் உள்ள 'சக்தி' இலவசப் பயணத் திட்டம் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். ஆதாரில் இன்னும் மதுரை முகவரியே இருந்தால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். சொகுசு பஸ்களும் மாநிலம் தாண்டும் பஸ்களும் இதில் சேராது.

தமிழ்நாட்டிலிருந்து எத்தனை வழி?

மூன்று. சேலத்துக்காரர்களுக்கு மேட்டூர், கொளத்தூர், பாலாறு சோதனைச் சாவடி, மாதேஸ்வரன் மலை, ஹனூர் வழி. மலை வரை நேரடி பஸ் உண்டு, அங்கே மாறிக்கொள்ளலாம். ஈரோட்டுக்காரர்கள் அந்தியூர், பர்கூர் வழியாக வரலாம். மழைக்காலத்தில் மண்சரிவு உண்டா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்க. ஒரு காலத்தில் வீரப்பன் பெயரைச் சொல்லி யாரும் போகப் பயந்த சாலைகள் இவை. இன்று பயம் கொண்டை ஊசி வளைவுகளுக்கு மட்டும்.

மூன்றாவது கோவை வழி. இதுதான் பழைய உறவு. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரியும்வரை கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா. இன்று பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர் வழியாக வருவது தேசிய நெடுஞ்சாலை 948.

திம்பத்தில் ஏன் இரவுத் தடை?

27 கொண்டை ஊசி வளைவுகள் ஒரு காரணம். பெரிய காரணம், சாலை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. வண்டிகளில் அடிபட்டு பத்தாண்டுகளில் 150-க்கும் மேற்பட்ட விலங்குகள் செத்ததாக நீதிமன்றத்தில் கணக்கு சொல்லப்பட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரி முதல் தடை கண்டிப்பாகியது. கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை வழியில்லை. கனரக லாரிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். தாளவாடி விவசாயிகள் அப்போது எதிர்த்துப் போராடினார்கள். விளைந்த காய்கறியைச் சந்தைக்கு இறக்க அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு மலைப்பாதைதான், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. உள்ளூர் வாகனங்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் விலக்கு உண்டு. நம்மைப் போல ஊர் சுற்ற வருபவர்களுக்குக் கிடையாது.

அதனால் கோவை திரும்புபவர்கள் கொள்ளேகாலை மாலை 4 மணிக்கே விட்டுவிடுவது நல்லது. வெளிச்சத்தில் காட்டைத் தாண்டிவிடலாம். காராப்பள்ளம் அருகே கரும்பு லாரிக்காக யானைகள் சாலையோரம் நிற்கும். செல்ஃபிக்காக இறங்க வேண்டாம்.

ஊருக்குள் சுற்ற?

செயலி டாக்ஸியை நம்பி வராதீங்க. ஆட்டோ அல்லது நாள் வாடகைக் கார்தான். இரண்டு மாநிலமும் சுற்றுவதாக இருந்தால், பெர்மிட் உண்டா, கட்டணம் யாருடையது என்று முன்பே பேசிவிடுங்கள்.

சிவசமுத்திரத்தில் பலர் ஏமாறுவது ஒரு இடத்தில்: அருவி ஒன்றல்ல, இரண்டு. பரசுக்கி கொள்ளேகால் பக்கம், ககனசுக்கியைப் பார்க்கும் இடம் மளவள்ளி பக்கம். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சாலையில் சுற்றித்தான் போகணும். பஸ்ஸில் வருபவர்கள் சத்தேகால ஹேண்ட்போஸ்ட்டில் இறங்கி பரசுக்கிக்கு ஆட்டோ பிடிக்கலாம். போகவர, காத்திருக்கச் சேர்த்தே வாடகை பேசுங்க, திரும்ப வண்டி கிடைப்பது சந்தேகம். 1902-இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பிய நிலையம் இங்கேதான். இன்றும் தண்ணீர் மின் உற்பத்திக்குத் திருப்பப்படுவதால் கோடையில் போனால் பாறைதான் தெரியும். அணைகள் நிரம்பித் திறக்கும் ஜூலை முதல் அக்டோபர் வரை நல்ல காலம்.

மாதேஸ்வரன் மலை இங்கிருந்து சுமார் 80 கி.மீ. அமாவாசை, சிவராத்திரி, தீபாவளி நாட்களில் பஸ் அதிகம், உட்கார இடம் குறைவு. பிலிகிரிரங்கன் மலைக்கு யளந்தூர் வழி. அதுவும் புலிகள் காப்பகம்தான், மாலையில் வனச்சாவடி மூடிவிடும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை, போகும் பஸ்ஸின் கண்டக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.