ஓடுதளக் காவல் லாரிகள் (பிரிட்டன், 1940–1942)

விமானத் தளங்களைத் தரைவழித் தாக்குதலிலிருந்து காக்க, சாதாரண லாரிகளின் மேல் கவசக் கூடும் துப்பாக்கியும் ஏற்றி, இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டனில் அவசரமாக உருவாக்கப்பட்ட வாகனங்கள். ஆர்மடில்லோ, பைசன் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. எஃகுக்குப் பெரும் பஞ்சம் நிலவிய 1940 கோடையில் மரமும் சரளைக் கல்லும் கான்கிரீட்டும் எஃகின் வேலையைச் செய்தன.

லாரிக்குக் கவசம் போடும் யோசனை புதிதல்ல. 1914-இல் டன்கர்க்கில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் கடற்படை விமானப் பிரிவின் தலைவர் சார்லஸ் சாம்சன், அவ்வூர்க் கப்பல் கட்டும் தளத்திலேயே தம் வாகனங்களுக்குக் கொதிகலன் தகடுகளைப் பொருத்தச் செய்தார். 1920-களில் ஈராக்கில் பிரிட்டிஷ் விமானப்படை தனக்கென்று கவசக் கார்ப் பிரிவுகளை வைத்திருந்தது. தாய்நாட்டுத் தளங்களிலோ தரைக்காவல் ஏற்பாடுகள் மிகக் குறைவு. எதிரி வானிலிருந்து குண்டு போடுவான் என்றுதான் எதிர்பார்த்தார்கள். தரையிறங்கி ஓடுதளத்தையே பிடித்துக்கொள்வான் என்பதற்கு அவர்கள் தயாராக இல்லை.

1940 ஏப்ரலில் நார்வேயின் சோலா விமானத் தளத்தை ஜெர்மன் பாராசூட் வீரர்கள் கைப்பற்றினார்கள். மே 10 அன்று நெதர்லாந்தில் வால்ஹாவன், இப்பன்பர்க், ஓக்கன்பர்க், வால்கன்பர்க் தளங்களிலும் அதே முறையில் இறங்கினார்கள். இப்பன்பர்க்கில் நடந்ததைத் தனியே கவனிக்க வேண்டும். அங்கே காவலுக்கு நின்ற டச்சு லாண்ட்ஸ்வெர்க் கவசக் கார்கள், வீரர்களை ஏற்றிக்கொண்டு ஓடுதளத்தில் இறங்கிய யுங்கர்ஸ் 52 விமானங்களைச் சுட்டு எரித்தன. அன்றைக்கே டச்சுப் படை அந்தத் தளத்தை மீட்டது. நின்ற இடத்தில் எழுப்பிய காவல் அரணைவிட, ஓடுதளத்தில் நகரக்கூடிய சில துப்பாக்கிகள் எவ்வளவு பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்த ஆண்டில் இல்லை.

அப்படிப்பட்ட கார்கள் பிரிட்டனிடம் போதுமான அளவு இல்லை. ஜூன் 4 வரை டன்கர்க் கடற்கரையிலிருந்து சுமார் 3,38,000 வீரர்களை மீட்டுக்கொண்டுவர முடிந்தது. அவர்களுடைய பீரங்கிகளும் பல்லாயிரம் வாகனங்களும் பிரான்சிலேயே கிடந்தன. கிடைத்த எஃகுத் தகடெல்லாம் டாங்கிகளுக்கும் கப்பல்களுக்கும் போயிற்று. காவல் வேலைக்கு மிச்சம் இருந்தவை பழைய லாரிகளும் பழைய லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும்தான்.

ஆர்மடில்லோ எளிமையானது. லாரியின் தட்டையான பின்தளத்தில் இரட்டைச் சுவருள்ள மரப்பெட்டி ஒன்றை அமைத்து, இரு பலகைகளுக்கும் நடுவே சரளைக் கல்லை நிரப்பினார்கள். தோட்டா கல்லில் சிதறி வேகம் இழக்கும் என்பதே கணக்கு. ஓட்டுநரின் அறைக்கு மட்டும் மெல்லிய எஃகுத் தகடு. ரயில் பெட்டிகள் செய்துவந்த வுல்வர்ட்டன் பட்டறையில் இந்த வேலை நடந்தது. இப்படிச் சில நூறு வண்டிகள் தயாராயின. பிந்திய வகை ஒன்றில் 37 மி.மீ. பீரங்கியும் ஏற்றப்பட்டது.

பைசனை உருவாக்கியவர் சார்லஸ் பெர்னார்ட் மேத்யூஸ். கட்டடங்களுக்கான கான்கிரீட் பாகங்களைச் செய்துவந்த ‘கான்கிரீட் லிமிடெட்’ நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். தன் தொழில் கொடுத்த பொருளிலேயே அவர் கவசத்தைத் தேடினார். நாடெங்கும் கிடைத்த பழைய லாரிகளை வாங்கி, கட்டடத்துக்குச் செய்வதுபோலவே சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் வார்த்தார்கள். சுவரின் தடிமன் சுமார் 6 அங்குலம். கிடைத்த லாரிக்கு ஏற்ப வடிவம் மாறியதால் ஒரு வண்டியைப்போல் இன்னொன்று இருந்ததில்லை. பிற்காலத்தார் இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: சிறிய திறந்த கூடு உள்ளது, ஓட்டுநர் அறையும் பின்புறக் கூடும் தனித்தனியாக நிற்பது, இரண்டும் சேர்ந்து ஒரே அறையாக மூடியது. இரண்டாம் வகையில் துப்பாக்கி வீரர்கள் ஓட்டுநரிடம் பேச வேண்டுமானால் கத்தித்தான் சொல்ல வேண்டும். மொத்தம் 200 முதல் 300 வண்டிகள்வரை செய்யப்பட்டிருக்கலாம் என்பது மதிப்பீடு.

இந்தப் பாரம் பழைய எஞ்சின்களுக்கு மிக அதிகம். வண்டி ஊர்ந்துதான் சென்றது. சேற்றில் இறங்கினால் மீட்பது பெரும்பாடு. இதைக் காட்டி பைசனை ஒரு வேடிக்கைப் பொருளாக எழுதுபவர்கள் உண்டு. அது நியாயமில்லை. போர்முனைக்குப் போவதற்காக அது செய்யப்படவில்லை. காக்க வேண்டியது ஒரு மைதானம். கொட்டகையின் ஓரத்திலிருந்து ஓடுதளத்தின் முனைவரை நகர்ந்து, நின்று சுட முடிந்தால் போதும். ஓடுதளத்தின் நடுவில் நிலையான அரண் கட்டினால் நம் விமானமே அதில் மோதும். லாரியாக இருந்தால் ஓரம் கட்டிவிடலாம். இதே சிக்கலுக்காகத்தான் தரைக்குள் இறங்கி மறையும் பிக்கெட்–ஹாமில்டன் அரண்களும் அதே ஆண்டில் வந்தன. ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் கார் அடிச்சட்டத்தில் எஃகும் ஓக் பலகையும் சேர்த்துச் செய்த பீவரெட்டும் தளக் காவலுக்குப் பயன்பட்டது.

ஜெர்மானியர் பிரிட்டனில் இறங்கவில்லை. ஆகவே இந்த வண்டிகள் எந்தப் போருக்காகச் செய்யப்பட்டனவோ அந்தப் போரைப் பார்க்கவில்லை. ஆனால் அவற்றின் பின்னால் இருந்த அச்சம் வீண் அல்ல என்பதை 1941 மே மாதம் கிரீட் தீவு காட்டியது. மலேமே விமானத் தளம் கைமாறிய பின் ஜெர்மன் போக்குவரத்து விமானங்கள் தொடர்ந்து இறங்கின, தீவே வீழ்ந்தது. தம் தளத்தைத் தாமே காக்கத் தெரியாத விமானப்படையாட்கள் பற்றிச் சர்ச்சில் அடுத்த மாதமே கடுமையாக எழுதினார். 1942 பிப்ரவரி 1 அன்று தளக் காவலுக்கென்றே ‘ராயல் ஏர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட்’ என்ற தனிப் படை அமைக்கப்பட்டது. ஆர்மடில்லோக்கள் சில காலம் அதன் கையில் இருந்தன. ஹம்பர், ஆட்டர் போன்ற முறையான கவச வாகனங்கள் வந்ததும் மரப்பெட்டி லாரிகளுக்கு வேலை முடிந்தது.

பைசன்களில் பலவற்றின் கான்கிரீட் கழற்றப்பட்டது. லாரிகள் பழைய இரும்பாயின. எஞ்சிய பாகங்களைத் தார்னிகிராஃப்ட் லாரியின் மேல் பொருத்தி மறுபடி உருவாக்கிய ஒரு பைசன் இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.