வைக்கோல் மூடாக்குப் பாத்தி

வைக்கோல் மூடாக்குப் பாத்தி என்பது மண்ணின் மேற்பரப்பை உலர்ந்த வைக்கோலால் மூடிப் பயிரிடப்படும் தோட்டப் பாத்தி ஆகும். குளிர்காலத்தில் மண் உறையும் மிதவெப்ப நாடுகளில், காய்கறித் தோட்டங்களுக்கான இப்பாத்திகள் குளிர்காலத்தின் இறுதியில் தயார் செய்யப்படுகின்றன. வட அரைக்கோளத்தில் இது பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அமையும். கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் வைக்கோல் இங்கு மிகுதியாகப் பயன்படுகிறது.

பயன்கள்

வைக்கோல் சூரிய ஒளியைத் தடுப்பதால் களை விதைகள் முளைப்பது குறைகிறது. மண்ணின் ஈரம் ஆவியாவதும், மழைத்துளிகள் மோதி மண் இறுகுவதும் குறைகின்றன. அடியிலுள்ள வைக்கோல் மெல்ல மக்கி, மண்புழுக்களுக்கு உணவாகிறது.

மண் வெப்பநிலை

வைக்கோலுக்கு இடையில் தங்கும் காற்று ஒரு வெப்பக்காப்புப் பொருளாகும். அது கோடையில் மண் சூடேறாமல் காப்பது போலவே, குளிர்கால இறுதியில் மண்ணின் குளிர் நீங்காமலும் காக்கிறது. எனவே உறைந்த மண்ணின் மீது வைக்கோலைத் தடிமனாகப் பரப்பினால் பனி உருகுவது தாமதமாகி, விதைப்பும் தள்ளிப்போகிறது. பட்டாணி ஏறத்தாழ 5 பாகை செல்சியசில் முளைக்கத் தொடங்கும். பீன்சுக்கு ஏறத்தாழ 15 பாகை தேவை.

தயாரிக்கும் முறை

1. மண் உருகி, கையில் பிசைந்தால் உதிரும் நிலைக்கு வரும்வரை காத்திருத்தல். ஈரமான களிமண்ணை மிதித்தால் அது இறுகிவிடும்.
2. முந்தைய இலையுதிர் காலத்தில் இட்ட வைக்கோல் இருப்பின், விதைக்கும் நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு முன் அதைப் பாத்தியின் ஓரத்திற்கு ஒதுக்கி, மண்ணில் வெயில் படச் செய்தல்.
3. பல்லாண்டுக் களைகளை வேருடன் நீக்கி, 2 முதல் 5 செ.மீ. வரை மக்கு உரம் இடுதல்.
4. நாற்றுகள் 10 முதல் 15 செ.மீ. உயரம் வளர்ந்து மண்ணும் வெதுவெதுப்பான பின், தண்டைத் தொடாதவாறு 10 செ.மீ. அளவு வைக்கோலைத் தளர்வாகப் பரப்புதல்.

கவனிக்க வேண்டியவை

கோதுமை வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 80 பங்கு கார்பன் உள்ளது. இதை மண்ணுடன் கலந்து உழுதால், மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் பயிர் வெளிறும். மேற்பரப்பில் மட்டும் இட்டால் இப்பாதிப்பு மிகக் குறைவு. உலர்புல்லில் களை விதைகள் மிகுதி. ஈரமான வைக்கோலில் ஓடில்லா நத்தைகள் தங்கும்.

மிகப் பெரிய இழப்பை ஏற்படுத்தக்கூடியது களைக்கொல்லி எச்சமாகும். அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் புல்லினப் பயிர்களைப் பாதிப்பதில்லை. ஆனால் அவற்றின் வைக்கோலில் தங்கி, தக்காளி, பீன்சு, பட்டாணி போன்ற அகன்ற இலைப் பயிர்களைச் சிதைக்கும். கால்நடைகளின் சாணம் வழியாகவும் இவை தோட்டத்தை அடையும். இத்தகைய பாதிப்புகளை அடுத்து 2008-இல் பிரித்தானியாவில் அமினோபைராலிட் விற்பனை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

வாங்கிய வைக்கோலைச் சோதிக்கக் குளிர்கால இறுதியே ஏற்ற காலம். நறுக்கிய வைக்கோலை மண்ணுடன் கலந்து ஒரு தொட்டியிலும், வைக்கோல் கலவாத அதே மண்ணை மற்றொரு தொட்டியிலும் இட்டு, வீட்டினுள் பீன்சு விதைக்க வேண்டும். மூன்று வாரங்களில் முதல் தொட்டிச் செடிகளின் இலைகள் மட்டும் சுருண்டு கிண்ணம் போல் வளைந்தால், அவ்வைக்கோலைப் பாத்தியில் இடுதல் கூடாது.

வரலாறு

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தைச் சேர்ந்த ரூத் ஸ்டவுட் (1884–1980), உழாமல் உலர்புல்லால் ஆண்டு முழுவதும் மண்ணை மூடிக் காய்கறி வளர்க்கும் முறையை 1955-இல் வெளிவந்த தம் நூலால் பரப்பினார். சப்பானின் மசானபு ஃபுக்குவோக்கா (1913–2008), அறுவடை செய்த வயலின் வைக்கோலை அவ்வயலிலேயே பரப்பும் முறையைக் கடைப்பிடித்தார். அதனை விளக்கும் அவரது நூல் 1975-இல் வெளிவந்தது.

இவற்றையும் பார்க்கவும்

- மூடாக்கு
- மக்கு உரம்
- இயற்கை வேளாண்மை