தொந்தி இடம் மாறிய கதை

"உடம்பு போட்டிருக்கிறது, கையில் காசு புழங்குகிறது போலும்!" நம்மவர்களிடையே இன்றும் கேட்கும் பேச்சு இது. ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. இன்று அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. ஏன் பொய்த்தது என்பதற்கு மலாக்கா மாநிலத்தின் தோட்ட வரலாறே சாட்சி.

மலாயாவில் வாணிப நோக்குடன் ரப்பர் முதலில் பயிரிடப்பட்டது மலாக்காவில்தான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் அதைத் தொடங்கி வைத்தார். பின்னர் காடுகள் தோட்டங்களாயின. தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். அலோர் காஜா வட்டாரத் தோட்ட மக்களுக்குப் பட்டணம் என்றால் இரயில் நிற்கும் புலாவ் செபாங்கும், மாநில எல்லைக்கு அப்பால் உள்ள தம்பினும்தான்.

உழைப்பு கரைத்த உடல்

விடியுமுன் பெரட்டு. அதன் பின் நூற்றுக்கணக்கான பால்மரங்கள். பால் வாளியைச் சுமந்துகொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டும். ஆணோடு பெண்ணும் அதே வேலையைச் செய்தாள். உண்ட சோறு உடம்பில் தங்க வழியே இல்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கூலி வெட்டப்பட்டது. ஜப்பானியர் காலத்தில் அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே உணவானது. லயத்தில் எலும்பு தெரிந்தது. கிராணி வீட்டிலும் கடை முதலாளி வீட்டிலும்தான் தொந்தி தெரிந்தது.

இது மலாக்காவுக்கு மட்டும் உரிய கதையன்று. 1989-இல் சோபல், ஸ்டங்கார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 144 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏழை நாடுகளில் வசதியுள்ளவர்களே பருத்திருந்தார்கள். பணக்கார நாடுகளிலோ, குறிப்பாகப் பெண்களிடையே, ஏழைகள் பருத்திருந்தார்கள். நாடு வளர வளர இந்தச் சுமை ஏழைகள் பக்கம் நகர்கிறது, அதிலும் பெண்களை முதலில் பிடிக்கிறது என்று 2004-இல் பிரேசிலின் மொன்டெய்ரோ குழுவினர் எடுத்துக் காட்டினர்.

தோட்டம் போனது, சீனி வந்தது

நம் மக்களின் வாழ்விலும் அதுதான் நடந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்தை விட்டு வந்தவர்கள் மலிவு விலை வீடுகளில் குடியேறினார்கள். லயத்துக்குப் பின்னால் இருந்த கீரைப் பாத்தியும் முருங்கையும் கோழிக் கூண்டும் கூட வரவில்லை. மரம் வெட்டிய கைகள் தொழிற்சாலை இயந்திரத்தின் முன் ஒரே இடத்தில் நின்றன. இரவு வேலை முடிந்து வருபவருக்குக் கடையில் மலிவாகவும் விரைவாகவும் கிடைப்பது ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும்தான். மீனும் காய்கறியும் பழமும் கேட்கும் விலையைச் சம்பளம் தாங்குவதில்லை. வேலை சுருங்கியது, சோற்றின் அளவு சுருங்கவில்லை, எண்ணெயும் சீனியும் கூடின.

விளைவு என்ன? தேசிய சுகாதார ஆய்வின்படி 1996-இல் பெரியவர்களில் உடல் பருமன் உள்ளவர்கள் 4.4 விழுக்காடு, 2019-இல் 19.7 விழுக்காடு. 2019 ஆய்வில் எடை மிகுந்தோரையும் சேர்த்துப் பார்த்தால் நாட்டில் பாதிப் பேர், இந்தியர்களில் 63.9 விழுக்காட்டினர். இனிப்பு நீர் நோயிலும் 31.4 விழுக்காட்டுடன் இந்தியர்களே முன்னணியில் இருந்தார்கள். வேறு எதிலோ முதலிடம் கேட்ட சமூகத்துக்கு இதில் கிடைத்திருக்கிறது!

2013 அக்டோபரில் சீனிக்கான உதவித்தொகையை அரசு நீக்கியது. 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. நல்ல நடவடிக்கைகளே. ஆனால் சீனியின் விலை ஏறினால் கீரையின் விலை இறங்கிவிடுவதில்லை.

பருத்த ஏழையைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று பழிப்பது எளிது. மூன்று தலைமுறையின் உழைப்பும் உணவும் இடம் மாறிய வரலாறு அந்த உடம்பில் இருக்கிறது. கோயில் அன்னதானத்திலும் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலும் திருமண விருந்திலும் சீனியையும் எண்ணெயையும் குறைக்கலாம். வீட்டு முன்னால் நாலு தொட்டியில் கீரை போடலாம். லயத்துப் பாட்டி காசில்லாமல் செய்தது அது. கால் புண்ணுக்கும் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கும் வரிசையில் நிற்கும் நாள் வருமுன் அதைத் தொடங்குவது நல்லது.