கேட்கும் காட்சி: ஒலிவழி விபரிப்பின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

அரங்கில் அருகிலிருப்பவர் காதோடு காதாகக் காட்சியைச் சொல்ல, விழிப்புலனற்றோர் கேட்டு நுகரும் வழக்கம் பழையது. எனினும் அது தனிமனித அன்பின்பாற்பட்டதாகவே இருந்ததன்றிச் சமூக ஏற்பாடாக வளரவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் அது ஒரு முறைமையாக உருப்பெற்ற வரலாறு 1970களில் தொடங்குகின்றது. சான் பிரான்சிஸ்கோவில் கிறெகரி பிரேசியர் 1975இல் தமது முதுமாணிப் பட்ட ஆய்வில், தொலைக்காட்சி நாடகமொன்றைச் செவியால் மட்டுமே நுகரத்தக்கதாக மாற்றும் வழியை ஆராய்ந்தார்.

நடைமுறை வளர்ந்த இடம் வாஷிங்டன். பார்வையற்றவரான மார்கரெட் ரொக்வெல், அச்சில் வருவனவற்றை வானொலிவழி வாசித்தளிக்கும் சேவையொன்றை 1974இல் அங்கு நிறுவியிருந்தார். அந்நகரின் அரீனா ஸ்ரேஜ் அரங்கில், செவிப்புலன் குன்றியோருக்கான ஒலிக்கருவியை விழிப்புலனற்றோருக்கும் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் எழுந்தபோது, அவரும் பின்னர் அவரது கணவரான கோடி பான்ஸ்டீலும் அப்பணியை ஏற்றனர். 1981இல் பெர்னாட் ஷாவின் 'மேஜர் பார்பரா' விபரிக்கப்பட்டது. உரையாடல்களுக்கிடைப்பட்ட மௌனங்களில் அசைவு, உடை, முகபாவம் ஆகியன சுருங்கச் சொல்லப்பட்டன. "கோபமுற்றாள்" என்னாது "கைமுட்டியை இறுக்கினாள்" எனக் கூறுதலே இத்துறையில் நிலைபெற்ற நெறி. அந்நெறியும் முற்றாக நடுநிலையானதன்று. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தெரிவிலேயே சொல்பவரின் நோக்குப் புகுந்துவிடுகின்றது.

1990இல் பொஸ்ரன் நகரின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் இதனை நாடளாவிய சேவையாக்கியது. தனியார் ஒளிபரப்பாளரோ தாமாக முன்வந்தாரல்லர். எனவே 2000ஆம் ஆண்டில் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு, பெரிய ஒளிபரப்பாளர் காலாண்டுக்கு 50 மணித்தியாலம் விபரிப்பு வழங்கவேண்டுமென விதித்தது. திரைப்படக் கம்பனிகளின் சங்கம் வழக்குத் தொடுத்தது. எழுத்துத் தலைப்புகள் பேசப்பட்டதையே மீளத் தருவன, விபரிப்போ புதிய உள்ளடக்கத்தை ஆக்குவது, ஆதலால் ஆணைக்குழுவுக்கு அதனை விதிக்கும் அதிகாரமில்லை எனக் கூறி, 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விதியை நீக்கியது.

இவ்விடத்து ஒரு முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. பார்வையற்றோரின் தேசிய சம்மேளனமும் அவ்விதியை எதிர்த்து மனுச் செய்திருந்தது. நாடகக் காட்சிக்கு முன்னர், திரையில் எழுத்தில் மட்டும் ஓடும் அபாய அறிவித்தல்களை ஒலியாக்குக என்பது அதன் வாதம். இதனைப் பிற்போக்கென ஒதுக்குதல் எளிது. எனினும், கலையா தகவலா முதன்மையானது என்ற வினா பாதிக்கப்பட்டோர் மத்தியிலிருந்தே எழுந்தது என்பதை வரலாற்றாசிரியர் மறைத்தலாகாது.

2010இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம் ஆணைக்குழுவுக்கு அவ்வதிகாரத்தை வழங்கியது. 2012இல் 50 மணித்தியால விதி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 2018இல் அது 87.5 ஆக உயர்ந்தது: ஓர் ஒளிபரப்புக்கு, வாரத்தில் ஏழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு.