பழைய நிலையும் புதிய மரமும்

பழைய வீட்டைப் பழுதுபார்த்தவர் எவரும் இத்தொல்லையை அறிவர். கறையான் அரித்த சட்டம் ஒன்றை அகற்றி, அதே தேக்கில் புதுச் சட்டம் பொருத்துகிறோம். அளவு பொருந்துகிறது, இழைப்பும் பொருந்துகிறது, நிறம் மட்டும் பொருந்துவதில்லை. ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த நான், முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தும் அறியாதிருந்த பாடம் ஒன்றைக் கற்றேன். அதனையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

காரைக்குடிப் பக்கத்தில் உள்ளது எங்கள் வீடு. என் பாட்டனார் இரங்கூனில் கணக்கெழுதிச் சேர்த்த பொருளில் கட்டியது. அதன் தலைவாசல் நிலை பர்மாத் தேக்கு. 2011-இல், என் மகள் திருமணத்துக்குச் சில நாட்களுக்கு முன், நிலையைச் சுற்றியிருந்த விளிம்புப்பட்டையைக் கறையான் அரித்திருப்பது தெரிந்தது. தச்சர் இதனைப் ‘பீடிங்’ என்பர். முதிய ஆசாரியார் புதுப்பட்டை செதுக்கிப் பொருத்தினார். அது வெளுத்துத் தோன்றிற்று. “ஐயா, மெல்லிய மெருகு மட்டும் போட்டு விட்டுவிடுங்கள். மரம் தானே பழுக்கும்” என்றார். நான் கேட்கவில்லை. கருஞ்சாயம் பூசச் சொன்னேன். திருமண நாளில் வேறுபாடு ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, சாயத்தின் கீழிருந்த மரமும் தன் இயல்பில் முதிர்ந்தது. பழைய நிலை பொன்னிறமாய் நிற்க, புதுப்பட்டை அதற்குத் துக்கச் சின்னம் கட்டியதுபோல் கறுத்து நின்றது.

அப்போதுதான் அந்த நிலையை உற்றுநோக்கினேன். அம்மரம் வந்த வழி என்ன? பர்மாக் காடுகளில் அக்காலத்தில் தேக்கை உடனே வெட்டியதில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் அறுத்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நின்றபடியே உலரவிட்டனர். பச்சைத் தேக்கு நீரில் மிதவாது என்பதே காரணம். உலர்ந்தபின் வெட்டி, யானைகளைக் கொண்டு இழுத்து, ஐராவதி முதலிய ஆறுகளில் மிதக்கவிட்டனர். இம்மரத்தின் பொருட்டு ஓர் அரசே வீழ்ந்தது. பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பொரேஷன் என்னும் ஆங்கில வணிக நிறுவனம் உரிய தொகை செலுத்தாமல் மரம் எடுத்தது என்று மாண்டலே அரசு பெருந்தண்டம் விதித்தது. அவ்வழக்கைக் காரணமாகக் காட்டி 1885-இல் ஆங்கிலேயர் படையெடுத்தனர். திபா மன்னர் சிறைப்பட்டார். 1886 ஜனவரி முதல் நாள் அந்நாடு ஆங்கில ஆட்சியோடு இணைக்கப்பட்டது. ஆண்டுதோறும் ‘1885’ என்று கரும்பலகையில் எழுதி மாணவரை ஒப்புவிக்கச் செய்தவன் நான். அவ்வாண்டின் சான்று என் வீட்டு வாசலிலேயே நிற்பதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை!

மெருகுக்கும் ஒரு கதை உண்டு. ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்று பெயர். பொருளோ நம் நாட்டுக் கொம்பரக்கு. பலாசு, இலந்தை போன்ற மரங்களில் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கைத் தூய்மைசெய்து, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவர். அரக்கின் இளஞ்சிவப்பும் மரத்தின் பொன்மையும் ஒளிபட்டுக் கலந்து வருவதே நாம் காணும் பழமை நிறம். அது மேற்பரப்பின் நிறமே. பழைய கதவையும் ஒருமுறை இழைத்துப் பாருங்கள். உள்ளே இளநிறமே தோன்றும்.

2019-இல் அந்த ஆசாரியாரின் மகனை அழைத்தேன். அவர் முதலில் நிலையின் மறைவான மூலையை ஸ்பிரிட் தோய்த்த துணியால் தேய்த்தார். மெருகு இளகிப் பிசுபிசுத்தது. அரக்கு மெருகுதான் என்பது உறுதியாயிற்று. பின்னர்ப் பழைய பட்டையின் வளைவை அட்டையில் வரைந்து, அதே வடிவில் புதுப்பட்டை இழைத்தார். அதில் மிஞ்சிய துண்டில் இரண்டு மூன்று வகையாய் மெருகேற்றி, பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் நிலையருகே வைத்துக் காட்டினார். சற்றே வெளிறிய ஒன்றைத் தேர்ந்தோம். எஞ்சியதைக் காலத்துக்கு விட்டோம்.

மரம் நிலம்பூர்த் தேக்கு. மலபார்க் கலெக்டர் கானலி, சாத்து மேனோன் என்பவரின் துணையுடன் 1840-களில் தேக்கு நட்டு வளர்க்கத் தொடங்கிய ஊர் அது. பர்மாவின் வழியோ அடைபட்டுவிட்டது. 1942-இல் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியபோது நம்மவர் பலர் கால்நடையாய்த் திரும்பினர். 2014-இல் அந்நாடு மரக்கட்டை ஏற்றுமதிக்கே தடை விதித்தது. பாட்டனார் கொணர்ந்த மரத்துக்கு ஈடு இனிக் கடையில் கிட்டாது. அதனை மறைக்க முயன்றதே என் பிழை.

பட்டையை அறைவதற்குமுன் அதன் பின்புறத்தில் பென்சிலால் ‘2019, நிலம்பூர்த் தேக்கு’ என்று எழுதினேன். நிறம் இப்போது பெரிதும் ஒத்துவருகிறது. முழுதும் ஒத்துப்போனாலும், பின்னாளில் அதனைக் கழற்றுபவர் எது பழையது, எது புதியது என்று அறிந்துகொள்வார்.