சாக்கோ கொலை வழக்கு

சாக்கோ கொலை வழக்கு என்பது இந்தியாவின் கேரள மாநிலத்தில் 1984 ஆம் ஆண்டு நிகழ்ந்த, விபத்தைப் போலச் சோடிக்கப்பட்ட கொலை பற்றிய வழக்காகும். அவ்வாண்டு சனவரி 22 அதிகாலையில், மாவேலிக்கரை அருகே வயலொன்றில் எரிந்த அம்பாசிடர் காரினுள் கருகிய உடல் காணப்பட்டது. காரின் உரிமையாளரும் அபுதாபியில் பணியாற்றியவருமான சுகுமாரக் குருப்பே இறந்தவர் என முதலில் கருதப்பட்டது.

தடயவியல் சான்று

பிணக்கூறாய்வு செய்த மருத்துவர் உமாதத்தன், இறந்தவரின் மூச்சுக்குழாயில் கரித்துகள் இல்லை எனக் கண்டறிந்தார். தீயில் உயிரோடு சிக்கியவர் புகையைச் சுவாசிப்பதால், பொதுவாகக் கரித்துகள் மூச்சுப்பாதையில் படியும். மூச்சு நின்றபின் அவ்வாறு உட்செல்வதில்லை. எனவே கார் எரியும் முன்பே மரணம் நிகழ்ந்திருந்தது தெளிவாயிற்று. உடலின் மேற்புறம் முழுதும் கருகினாலும், இத்தகைய உட்சான்று பெரும்பாலும் எஞ்சியிருக்கும்.

விசாரணையும் தீர்ப்பும்

குருப் இறந்துவிட்டதாகக் காட்டிக் காப்பீட்டுத் தொகை பெறும் நோக்குடன், அவரோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத, திரைப்பட நிறுவனப் பிரதிநிதியான சாக்கோ கொல்லப்பட்டார் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. சாலையில் வாகனத்துக்காகக் காத்திருந்த அவரைக் காரில் ஏற்றிச்சென்று கொன்றிருந்தனர். குருப்பின் மைத்துனருக்கும் ஓட்டுநருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குருப் தலைமறைவானார். இந்நிகழ்வைத் தழுவிய "குருப்" என்னும் மலையாளத் திரைப்படம் 2021 இல் வெளியானது.